பதிவேட்டைத் திருப்பிப் பிடித்தல்: மனித உரிமை மீறலை ஆவணப்படுத்துவது என்றால் என்ன?

உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூர் என்றொரு ஊர். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சில சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய ஆங்கிலேயர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர்கள் தங்கள் பெயரையும் விரல் ரேகையையும் காவல்துறையின் பதிவேட்டில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஊர் மறுத்தது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அந்தச் சட்டத்துக்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரேகைச் சட்டம்’. வெளியூர் போக ராதாரிச் சீட்டு, இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்கை என்று ஊர் ஊராக மனிதர்கள் அந்தப் பதிவேட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

மனித உரிமை மீறலை ஆவணப்படுத்துவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் பெருங்காமநல்லூரிலிருந்துதான் தொடங்குவேன். அங்கே அரசு மக்களைப் பதிவேட்டில் ஏற்றியது. ஆவணப்படுத்துகிறவர்கள் அந்தப் பதிவேட்டைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். அரசு என்ன செய்தது, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கையால், யார் உத்தரவால் என்று மக்கள் எழுதி வைக்கிறார்கள். வேலை இவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்வது மிகக் கடினம்.

மதுரையில் கல்லூரி மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரும்போது, முதல் மணி நேரத்திலேயே ஒருவர் எழுந்து கேட்பார்: “நடந்தது ஊருக்கே தெரியுமே, எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது?” நியாயமான கேள்வி. ஊருக்குத் தெரிந்திருப்பதும் நீதிமன்றத்துக்குத் தெரிந்திருப்பதும் வேறு வேறு. ஊரின் அறிவு டீக்கடையில் இருக்கிறது. பத்து வருடத்தில் அதைச் சொல்கிறவர் இறந்துபோவார், அல்லது பயந்துபோவார், அல்லது சமாதானமாகிப்போவார். நீதிமன்றத்துக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் நாளைய வரலாற்றுக்கும் போய்ச் சேருவது தேதி போட்ட காகிதம் மட்டும்தான்.

முதலில் எது மனித உரிமை மீறல் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் உங்களை அடித்தால் அது குற்றம். காவலர் உங்களை லாக்கப்பில் வைத்து அடித்தால் அது குற்றம் மட்டுமல்ல, மனித உரிமை மீறலும்கூட. ஏனென்றால் உங்களைக் காக்கச் சம்பளம் வாங்கும் அரசின் கை அது. பக்கத்து வீட்டுக்காரர் சாதியைச் சொல்லி அடித்து, நீங்கள் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே புகாரை வாங்க மறுத்தால் அந்த மறுப்பும் மீறல்தான். அரசு செய்ததையும் பதிய வேண்டும், செய்யத் தவறியதையும் பதிய வேண்டும். மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெட்டியவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. ஆனால் மிரட்டல் இருப்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதிலிருந்தே அங்கே தேர்தல் நடத்துவதே பெரும்பாடாக இருந்தது. அப்படியிருந்தும் அவருக்குப் பாதுகாப்பு ஏன் இல்லை என்ற கேள்வியை அரசிடம்தான் கேட்க வேண்டும்.

அரசு இப்படிப் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலைக்கு ‘பொறுப்புக்கூறல்’ என்று பெயர். இந்தச் சொல்லை நான் ஈழத்து எழுத்துகளிலிருந்துதான் கற்றேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார்களின் மனுக்களில் இது திரும்பத் திரும்ப வரும். செய்தவர் யார், உத்தரவிட்டவர் யார், தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தவர் யார் என்று அடையாளம் காண்பதில் தொடங்கி, தண்டனை, இழப்பீடு, இனி நடக்காதபடி விதியை மாற்றுவது வரை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

இனி வேலைக்குள் போவோம். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு சொல்கிறேன். இதன் ஒவ்வொரு துண்டையும் ஏதோவொரு வழக்கில் பார்த்திருக்கிறேன். ஓர் இளைஞரை விசாரணை என்று சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தார்கள் என்கிறார் அம்மா. கைதுக் குறிப்பில் மறுநாள் காலை 6 மணி, பஸ் நிலையம் அருகில் பிடித்தோம் என்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஓர் இரவு காணாமல் போகிறது. அந்த இரவு எங்கே போனது? பெரும்பாலான காவல் சித்திரவதை வழக்குகளின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

அம்மாவிடம் மணி கேட்டால் தெரியாது. ஆனால் “கடைசி டவுன் பஸ் போன சத்தம் கேட்டது, அதற்குப் பிறகுதான் கதவைத் தட்டினார்கள்” என்பார். டிப்போவில் விசாரித்தால் அந்த பஸ் ஊரைக் கடக்கும் நேரம் தெரிந்துவிடும். 9.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பதறிப்போய் வக்கீலுக்கு போன் செய்திருக்கிறார். அழைப்புப் பட்டியலில் 9.41 என்று இருக்கிறது. முக்கில் இருக்கும் பெட்டிக்கடையின் கேமராவில் ஜீப் தெரிகிறது. இப்போது அம்மாவின் சொல்லோடு மூன்று பொருள்கள் சேர்ந்து நிற்கின்றன. கிராமத்து நினைவு கடிகாரத்தில் ஓடுவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய நேரம், பள்ளிவாசல் பாங்கு, பால் வண்டி, நாடகம் முடிந்த நேரம் என்றுதான் ஓடும். அதைப் பொறுமையாக மணியாக மாற்றத் தெரிந்தவரே நல்ல ஆவணப்படுத்துபவர்.

கேட்கும் விதமும் முக்கியம். “போலீஸ் அடித்தார்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற ஒரு சொல்தான் கிடைக்கும், அதுவும் நாம் வாயில் எடுத்துக்கொடுத்த சொல். “கதவைத் தட்டியபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று தொடங்கினால் அவராகவே அந்த இரவை நமக்குக் காட்டுவார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். குடும்பம் முழுவதும் கூடி உட்கார்ந்து பேசினால், உரத்த குரல் உள்ளவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். நோட்டில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்: கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, பிறர் சொன்னது. “சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டது” என்பதும் “லத்தியால் அடித்ததைப் பார்த்தேன்” என்பதும் வேறு வேறு சாட்சியங்கள். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஒன்றை மற்றொன்றாக எழுதினால் இரண்டும் செத்துவிடும்.

எண்ணிக்கையில் நான் மிகக் கண்டிப்பாக இருப்பேன். கோபத்தில் எண்கள் வீங்கும். பதினாறு பேரை அடித்த இடத்தில் ‘இருபது பேர்’ என்று அறிக்கையில் எழுதிவிட்டால், மறுப்பவர்களுக்கு அந்த நான்கே போதும். உண்மையாகவே அடிபட்ட பதினாறு பேரும் பொய்யர்களாக்கப்படுவார்கள். சம்பவம் நடந்த ஊருக்கே போய் விசாரித்து அறிக்கை எழுதும் உண்மை அறியும் குழுவில் போகிறவர்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் பெரிய துரோகம் மிகைப்படுத்தல்தான் என்று நான் நினைக்கிறேன். அதனால் அதிகாரிகளையும் பார்த்துக் கேட்க வேண்டும். ஆய்வாளர் என்ன சொன்னார், பேச மறுத்தாரா, எத்தனை மணிக்கு மறுத்தார் என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்து, அரசின் சொந்தக் காகிதங்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் அசைத்த கதை பஞ்சாபில் நடந்தது. 1990-களின் முற்பகுதியில் அங்கே இளைஞர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அமிர்தசரஸைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங் கால்ரா அவர்களைத் தேடிச் சுடுகாடுகளுக்குப் போனார். போலீஸ் கொண்டுவந்த உடல்கள் ‘உரிமை கோரப்படாதவை’ என்ற பெயரில் அங்கே எரிக்கப்பட்டிருந்தன. எரிக்க விறகு வேண்டும். விறகுக்கு நகராட்சி பணம் தர வேண்டும். பணம் தந்தால் கணக்கு எழுத வேண்டும். அந்தப் பதிவேடுகளிலிருந்து கால்ரா உண்மையை எடுத்தார். 1995 செப்டம்பர் 6 அன்று அவரே கடத்தப்பட்டார், கொல்லப்பட்டார். ஆனால் காகிதம் வெளியே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு சி.பி.ஐ. விசாரித்ததில் அமிர்தசரஸ் மாவட்டத்தில் மட்டும் 2,097 உடல்கள் அப்படி எரிக்கப்பட்டது உறுதியானது. கால்ராவைக் கொன்றதற்காக 2005-இல் காவல்துறையினர் தண்டிக்கப்பட்டார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கொடுமை செய்கிற நிர்வாகமும் நிர்வாகம்தான், அது கணக்கு எழுதாமல் இருக்காது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி நாம் பென் நகரின் துவோல் ஸ்லெங் சிறையில் அடைத்தவர்களைப் புகைப்படம் எடுத்தது, வாக்குமூலம் எழுதி வாங்கியது, கோப்பு போட்டது. 1979-இல் அந்த ஆட்சி விழுந்தபோது கோப்புகள் மிஞ்சின. அவற்றைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வகைப்படுத்தினார்கள். 2010-இல் அந்தச் சிறையின் தலைவரான டச், ஐ.நா. உதவியுடன் அமைந்த நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டபோது அந்தக் கோப்புகளே அவருக்கு எதிராகப் பேசின.

நம் ஊரில் கேட்க வேண்டிய காகிதங்கள் என்னென்ன? புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சி.எஸ்.ஆர். ரசீது. வழக்கு பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல். கைது செய்தால் நாளும் நேரமும் போட்டு, குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ‘ஏ.ஆர். காப்பி’. அதில் காயங்களின் பட்டியலோடு, காயம் எப்படி ஏற்பட்டது என்று கொண்டுவந்தவர் என்ன சொன்னார் என்பதும் இருக்கும். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று இருந்தால் அதைச் சொன்னது யார் என்று பாருங்கள். ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட, நீதித்துறை நடுவரின் குறிப்பும், சிறையில் சேர்த்தபோது எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பும் அடுத்த இரண்டு படிகள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது; எனவே இந்தக் காகிதங்களில் உள்ள நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத இடத்தில் விரலை வையுங்கள். ஒருவருடைய உயிர், சுதந்திரம் சார்ந்த தகவல் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது சட்டம்.

கைதுக் குறிப்பு என்ற இந்த எளிய காகிதமே ஒரு கடிதத்திலிருந்து வந்ததுதான். 1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு, காவல் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் காட்டி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பில்தான் கைது செய்யும் காவலருக்குப் பெயர்ப் பட்டை, கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவை கட்டாயமாயின. பத்திரிகைத் துண்டுகளை வெட்டி அடுக்கிய ஒருவரின் பொறுமை இன்று இந்தியாவில் கைதாகும் ஒவ்வொருவருக்கும் குடையாக இருக்கிறது.

உயிர் போய்விட்டால் உடலே முதல் ஆவணம். காவலில் மரணம் என்றால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 1993 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். உடற்கூராய்வை வீடியோ எடுக்க வேண்டும். உலக அளவில் சந்தேக மரணங்களை விசாரிக்க மின்னசோட்டா நெறிமுறையும், சித்திரவதைக் காயங்களைப் பதிய இஸ்தான்புல் நெறிமுறையும் இருக்கின்றன. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது; அதை ஏற்று உறுதிசெய்வதை மட்டும் இன்னும் செய்யவில்லை. இது எனக்கு ஆறாத கோபம் தரும் விஷயம்.

சாத்தான்குளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 ஜூனில் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவலில் எடுக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் பார்த்தது என்ன? கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. வன்தட்டில் இடம் இருந்தது, பதிவு இல்லை. ஆதாரம் அழியக் கூடாது என்பதற்காகக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது நீதிமன்றம். அந்த நிலையத்திலேயே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், அன்றிரவு நடந்ததைப் பயந்து பயந்தாவது நடுவரிடம் சொன்னார். கேமரா கைவிட்ட இடத்தில் ஒரு மனுஷியின் வாக்குமூலம் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எனவே இப்போது சம்பவம் நடந்த மறுநாளே, ‘இன்ன தேதி, இன்ன நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள்’ என்று பதிவுத் தபாலில் மனு அனுப்புவது முதல் வேலைகளில் ஒன்று.

ஐந்து ஆண்டு கழித்து 2025 ஜூன் 28 அன்று, திருப்புவனம் பக்கத்து மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரைக் காவலர்கள் அடிப்பதை ஒருவர் மறைவிலிருந்து செல்போனில் எடுத்திருந்தார். சில விநாடிக் காட்சிதான். அது மதுரைக் கிளையில் நீதிபதிகள் முன் வைக்கப்பட்டது. உடற்கூராய்வு 44 காயங்களைச் சொன்னது. முதல் தகவல் அறிக்கை இல்லாமலே தனிப்படை எப்படி விசாரித்தது என்று நீதிபதிகள் கேட்டார்கள். காட்சி இல்லாமல் இருந்திருந்தால் என்ன கதை சொல்லப்பட்டிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

செல்போன் காட்சி கையில் கிடைத்தால் செய்யக் கூடாத முதல் காரியம் அதை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது. அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த நேரமும் கருவியும் பற்றிய விவரங்கள் உதிர்ந்துபோகும். மூலக் கோப்பு அந்த போனிலேயே இருக்கட்டும். பெயரைக்கூட மாற்ற வேண்டாம். நகலை வேறு இடத்தில் வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, அது எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது என்று சான்றிதழ் தர வேண்டும் என்கிறது இப்போதுள்ள பாரதிய சாட்சிய சட்டம். லாவோஸ் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். சமூகப் பணியாளர் சொம்பாத் சொம்போன் 2012 டிசம்பர் 15 அன்று வியன்டியன் நகரில் போலீஸ் சாவடி ஒன்றில் நிறுத்தப்பட்டார். பிறகு அவரைக் காணவில்லை. குடும்பத்தார் போலீஸிடம் போய்க் கேமராக் காட்சியைக் காட்டச் சொன்னார்கள். திரையில் அது ஓடியபோது அதைத் தங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் சாவடியில் நிறுத்தப்பட்டதற்கு இன்றும் உலகத்தின் கையில் இருக்கும் சான்று அந்தப் படம்தான். அவர் இன்றுவரை திரும்பவில்லை.

இடத்தைக் காப்பதும் ஆவணப்படுத்தலே. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கிரானைட் முறைகேட்டை விசாரிக்க உயர் நீதிமன்றம் நியமித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம், 2015 செப்டம்பரில் மேலூர்ப் பக்கத்துச் சின்னமலம்பட்டியில், குவாரிக்காக நரபலி கொடுத்ததாக வந்த புகார் தொடர்பாகத் தோண்ட வேண்டிய சுடுகாட்டிலேயே இரவு முழுவதும் படுத்துக் கிடந்தார். விட்டுவிட்டு வந்தால் காலையில் இடம் அப்படியே இருக்குமா என்ற ஒரே கவலைதான் காரணம். ஒரு சான்று கிடைத்த நொடியிலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும்வரை அது யார் கையில் இருந்தது என்று ஒரு நொடி இடைவெளி இல்லாமல் சொல்ல முடிய வேண்டும்.

இவ்வளவையும்விட முக்கியமானதாக நான் நினைப்பது சம்மதம். உண்மை அறியும் குழுவின் வேன் சாயங்காலம் கிளம்பிவிடும். சாட்சி அந்த ஊரில்தான் இருக்க வேண்டும், அதே கடையில் அரிசி வாங்க வேண்டும், அதே ஸ்டேஷனைக் கடந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். எனவே பேரைப் போடலாமா, படம் எடுக்கலாமா, இது யார் யாருக்குப் போகும் என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்றும் சொல்லுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் ஒவ்வொரு குழுவும் வந்து முதலிலிருந்து சொல்லச் சொல்வது இன்னொரு வதை. ஏற்கெனவே நல்ல பதிவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மூலக் காகிதங்களை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூலத்தைக் குடும்பத்தின் கையில் கொடுங்கள்.

எழுதிய பிறகு எங்கே கொண்டுபோவது? மதுரையில் இதற்கு ஒரு மரபு இருக்கிறது. மனித உரிமை அமைப்பான மக்கள் கண்காணிப்பகம் 1995 முதல் இங்கிருந்துதான் இயங்குகிறது. சாதிய வன்கொடுமைகளைப் பதியும் எவிடென்ஸ் அமைப்பும் இங்கேதான். 2004 ஜூலை 24 அன்று ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு, கன்னியாகுமரியிலிருந்து ஒரு தாய், காணாமல் போன பிள்ளையை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவோடு சென்னை வரை போக வேண்டியதில்லை. தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க இயலாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. “காரியம் எல்லாம் முடியட்டும்” என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் பல. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருப்பது இந்தப் பாதையில் ஒரு பெரிய திருப்பம்.

நாட்டுக்குள் கதவுகள் அடைபட்டால்? ஐரோப்பாவில் ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்துக்குப் போகலாம். அமெரிக்கக் கண்டங்களுக்கு சான் ஹோசேயில் ஒன்றும், ஆப்பிரிக்காவுக்கு அருஷாவில் ஒன்றும் இருக்கின்றன. ஆசியாவுக்கு அப்படி ஒரு மனித உரிமை நீதிமன்றம் கிடையாது. உலக மக்களில் பாதிக்கு மேல் வாழும் கண்டத்தில், சொந்த அரசுக்கு மேலே போய் முறையிடக் கண்டம் தழுவிய வாசல் ஒன்றுகூட இல்லை. மிச்சமிருப்பது ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களும், ஒவ்வொரு நாட்டின் நிலையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மற்ற நாடுகள் கூடிக் கேள்வி கேட்கும் மீளாய்வும். 2022-இல் இந்தியா நான்காவது முறையாக அதில் பதில் சொன்னது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத அந்தச் சபையில் செல்லுபடியாகும் ஒரே நாணயம் சரிபார்க்கப்பட்ட ஆவணம்.

அதனால் ஆசியாவில் ஆவணப்படுத்துகிறவர் நீண்ட காலத்துக்கு எழுதுகிறார். பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸ் 1972-இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 1974-இலேயே கத்தோலிகத் துறவியர் கைதிகளைச் சந்தித்துப் பெயர், தேதி, காயம் என்று பதியத் தொடங்கினார்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்தது 2013-இல். 75,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 11,103 பேர் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கப்பட்டார்கள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய வதைக்குச் சான்று கேட்டபோது, வைத்திருந்தவர் பிழைத்தார். தென் கொரியாவின் குவாங்ஜுவில் 1980 மே மாதம் இராணுவம் மக்களைக் கொன்றுவிட்டுக் கலவரக்காரர்களை அடக்கினோம் என்றது. அந்நகர மக்களின் நாட்குறிப்புகள், மருத்துவமனைப் பதிவுகள், புகைப்படங்கள் எல்லாம் சேர்ந்து 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஜகார்த்தாவில் 2007 ஜனவரியிலிருந்து வியாழக்கிழமைதோறும் அதிபர் மாளிகை எதிரே கறுப்புக் குடையோடு, கொல்லப்பட்டவர்களின், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நிற்கின்றன. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் தாய்மார்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மார்கள் அவர்களில் பலர். இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க 2021-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் தனிப் பிரிவே அமைந்தது. இன்று இல்லாவிட்டாலும் என்றைக்கோ ஒரு நீதிமன்றம் கேட்கும்போது கொடுப்பதற்கு.

நம் மாநிலத்தில் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்கள் அந்த மலைக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011-இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி தானே கிராமத்துக்குப் போய் இடத்தைப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்தார். முப்பத்தொரு ஆண்டு. அந்தப் பெண்கள் சொன்னது அத்தனை ஆண்டும் மாறவில்லை.

போன வருடம் பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். தம்பியின் உடலுக்காக விடியற்காலையிலிருந்து நிற்கிறார். மடியில் பள்ளிக்கூட நோட்டு. என்ன எழுதுகிறீர்கள் தம்பி என்று கேட்டேன். “மறந்துபோய்விடும் என்று பயமாக இருக்கிறது அண்ணே” என்று காட்டினார். முதல் வரியில் தேதி. அடுத்த வரியில், ‘கடைசி பஸ் போய்விட்டது. நாய் குரைத்தது. நான் கதவைத் திறந்தேன்.’ அது எந்த பஸ் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஏ.ஆர். காப்பி வாங்க எந்தக் கவுன்டர் என்று கேட்டார், கூட்டிக்கொண்டு போனேன்.